பார்க்காத செல்லுக்குக் கையெழுத்து

பிள்ளைகள் அவளுக்கு ஊசி டீச்சர் என்று பெயர் வைத்ததில் தப்பே சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். காலையில் வரிசையாக ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். அப்புறம் மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்து, கழுத்து ஒடிய, செல்களை வகை பிரித்து எண்ணுவாள். ஒரு நாள் அந்த வேலையை ஒரே நிமிஷத்தில் முடிக்கிற இயந்திரம் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அவளையும் இன்னும் மூன்று பேரையும் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லவேளையாக, தபாலில் படித்து வாங்கி அலமாரியில் போட்டிருந்த ஆசிரியர் பட்டம் கைகொடுத்தது. பதினோராம் வகுப்பு உயிரியலுக்கு ஆள் தேவை என்றார்கள். வந்து சேர்ந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் என்றால் கலர் சார்தான். துறைத் தலைவர். இருபத்தாறு வருஷ அனுபவம். ஐந்து நிறச் சாக்பீஸை விரலிடுக்குகளில் செருகிக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றாரென்றால், ஆறே நிமிஷத்தில் ஒரு விலங்குச் செல்லையும் ஒரு தாவரச் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து முடித்துவிடுவார். நடுவில் உட்கரு, சுற்றிலும் அவரை விதை போல மைட்டோகாண்ட்ரியா, ஓரத்தில் சவ்வு. கோடு ஒன்றுகூடக் கோணாது. ஊசி டீச்சரே முதல் வாரம் ஜன்னல் வழியாக நின்று வாய் பிளந்து பார்த்தாள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

வம்பு ஆரம்பித்தது ஆய்வுக்கூடத்தில்.

அங்கே ஆறு மைக்ரோஸ்கோப்புகள் இருந்தன. ஆறும் பச்சைத் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. துணியை விலக்கினால் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. ஊசி டீச்சரின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். ஒரு சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டி நான்கை உயிர்ப்பித்துக் கொடுத்தார்.

"கண்ணாடியைத் துடைக்கிறது வரைக்கும்தான் என் வேலை. உள்ள என்ன தெரிஞ்சாலும் என்னைக் கேட்காதே" என்றார்.

உள்ளே தெரிந்ததுதான் விவகாரம். கலர் சார் கொடுத்த மரப்பெட்டியில் 'வெங்காயத் தோல்' என்று எழுதி ஒட்டிய சிலைடு ஒன்று இருந்தது. எத்தனை வருஷத்துப் பழசோ. அவள் அதை வைத்துப் பார்த்தாள். செல் எதையும் காணோம். உள்ளே இருந்தது எப்போதோ காய்ந்து சருகாகி, அந்த இடத்தில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தடித்த கறுப்பு வளையம், லாரி டயர் மாதிரி.

பழைய ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அச்சடித்த மாதிரி ஒரே படம். செங்கல் அடுக்கியது போல் செல்கள், நடுவில் உட்கரு, மைட்டோகாண்ட்ரியாகூட. பக்கத்துக்கு அடியில் அச்சிட்ட ஒரு வரி: 'மேலே வரைந்ததை நான் நுண்ணோக்கியில் கண்டேன்.' அதற்குக் கீழே மாணவர் கையெழுத்து, கலர் சாரின் கையெழுத்து. வருஷா வருஷம் பிள்ளைகள் டயரைப் பார்த்தார்களோ, பூஞ்சையைப் பார்த்தார்களோ, செங்கல்லை வரைந்திருக்கிறார்கள், கண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கலர் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"அதையெல்லாம் யாரும்மா பார்க்கிறாங்க? புத்தகத்துல இருக்கிறதை வரைஞ்சாப் போதும். பரீட்சைல அதைத்தான் கேட்பாங்க."

ஊசி டீச்சர் மறுவாரம் அரை கிலோ வெங்காயத்தோடு வகுப்புக்கு வந்தாள். நாற்பத்தோரு பிள்ளைகள். இதழுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைக் கிழியாமல் உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் மடிப்பில்லாமல் விரித்து, அயோடின் விட்டு, மேல் கண்ணாடியைச் சாய்த்து மெல்ல இறக்கச் சொல்லிக் கொடுத்தாள். பொத்தென்று போட்டால் காற்று புகுந்துவிடும். பாதிப் பேர் பொத்தென்றுதான் போட்டார்கள். அறை முழுக்க வெங்காய வாடை, ஆளாளுக்குக் கண்ணில் தண்ணீர்.

மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண். எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பதால் அவளுக்கு டவுட்டு என்று பெயர். முதலில் கத்தியதும் அவள்தான்.

"டீச்சர், உட்கரு ஓரத்துல ஒதுங்கிப் போய் ஒட்டிக்கிட்டிருக்கு. கலர் சார் நடுவுலதானே போடுவாரு?"

"உனக்கு எங்க தெரியுது?"

"ஓரத்துல."

"அப்ப ஓரத்துல வரை. நடுவுல இருக்கிற தண்ணிப் பை, அதான் நுண்குமிழ், பெரிசா ஊதியிருக்கு, உட்கருவை நெட்டித் தள்ளியிருக்கு. கூட்டமான பஸ்ஸுல கம்பியோட ஒட்டிக்கிட்டு நிக்கிறோமே, அந்த மாதிரி."

"மைட்டோகாண்ட்ரியாவைக் காணோமே?"

"இருக்கு. நம்ம கண்ணாடிக்கு எட்டலை. தெரியலைன்னு எழுது."

"தெரியலைன்னு எழுதினா மார்க் போடுவாங்களா?"

"நான் போடுவேன்."

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கறுப்பு வளையம் ஒன்றை அச்சு அசலாக வரைந்து, 'காற்றுக் குமிழி. கண்ணாடியை அவசரமாகப் போட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டாள். அவன் அந்தப் பக்கத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அடுத்த வகுப்பில் கன்னத்தின் உள்பக்கம் பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டி, நீலச் சாயம் விட்டுப் பார்த்தார்கள். அந்தச் செல்களுக்குச் சுவர் கிடையாது. கசக்கி விரித்த காகிதம் போல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், நடுவில் கருநீலப் பொட்டு. வட்டமாக ஒன்றைக்கூடக் காணோம். பிள்ளைகள் கண்டதை வரைந்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

நாற்பத்தோரு நோட்டுகளும் மேல் கையெழுத்துக்காகக் கலர் சாரிடம் போயின. மறுநாள் நாற்பத்தொன்றும் திரும்பி வந்தன, பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு.

ஆசிரியர் அறையில் பத்துப் பேர் முன்னால் அவர் வெடித்தார்.

"என்னம்மா கிறுக்கல் இது? உட்கரு ஓரத்துல கிடக்கு, மைட்டோகாண்ட்ரியாவைக் காணோம். ஒருத்தன் முட்டையை வரைஞ்சு வச்சிருக்கான், அதுக்குப் பத்து மார்க்கா? ஒரு வெங்காயத்துக்காக இவ்வளவு கூத்தா?"

"முட்டை இல்லை சார், காற்றுக் குமிழி. உங்க சிலைடுலயும் அதுதான் இருக்கு."

அறையில் யாரோ இருமினார்கள். கலர் சாரின் காது சிவந்தது.

"புத்தகத்துப் படம் பொய்யின்னு சொல்ல வர்றியா?"

"இல்லை சார். எவ்வளவோ பேர், எவ்வளவோ பெரிய கருவியில பார்த்துச் சேர்த்து வரைஞ்ச படம் அது. பிள்ளைங்க அதைப் படிக்கட்டும், பரீட்சைல வரையட்டும். நானே சொல்லித் தர்றேன். ஆனா அதுக்குக் கீழ 'நான் கண்டேன்'னு கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்."

விஷயம் தலைமையாசிரியை அறைக்குப் போயிற்று. அந்த அம்மாள் கெட்டவர் அல்ல. எந்தப் பக்கமும் சாயாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். ரெக்கார்டு நோட்டுக்குப் பத்து மதிப்பெண். அந்தப் பத்தும் துறைத் தலைவர் கையில்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரையும் மறுபடி வரையச் சொல்லிடும்மா. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? பிள்ளைங்க மார்க் போயிடும்."

ஊசி டீச்சர் வகுப்புக்குப் போய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "மாத்தி வரைஞ்சா பத்து கிடைக்கும். வரையலைன்னா குறையும், எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. எது செஞ்சாலும் நான் கோபப்பட மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

சாயங்கால மணி அடிப்பதற்குள் முப்பது பேர் மாற்றி வரைந்துவிட்டார்கள். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி நோட்டை நீட்டும்போது தலையை நிமிர்த்தவே இல்லை. "எனக்கு மெடிக்கல் சேரணும் டீச்சர். ஒரு மார்க்கும் முக்கியம்." ஊசி டீச்சர் அவள் தோளைத் தட்டி அனுப்பினாள். மிச்சம் பதினோரு பேர். அதில் டவுட்டும் இருந்தாள், டயர் வரைந்தவனும் இருந்தான்.

வீட்டில் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே கேட்டார். "பிடிவாதம் உன்னோடது. போகிற மார்க் மட்டும் அந்தப் பிள்ளைங்களோடதா?"

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளே நின்றது. ஆனால் நோட்டுகளை மாற்றச் சொல்லி மறுநாள் வாயைத் திறக்கவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். ஊசி டீச்சர் வகுப்பறையில் உட்காராமல் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தாள். நான்கு மைக்ரோஸ்கோப்புகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தாள். முதலாவதில் கலர் சாரின் பழைய சிலைடு. மற்றவற்றில் அன்று காலை உரித்த வெங்காயத் தோல்.

முதலில் வந்து சேர்ந்தது டவுட்டின் அம்மா. பஸ் கண்டக்டர். இரண்டு நடைக்கு நடுவில் சீருடையோடு, தோளில் தோல் பையோடு வந்திருந்தார். குரல் படிக்கட்டிலேயே கேட்டது.

"யாரு அந்த ஊசி டீச்சர்? எம் பொண்ணு மூணாவது ரேங்க்கு. அவ மார்க்கைக் குறைக்க நீங்க யாரு? உங்களுக்கும் அந்த சாருக்கும் ஆகலைன்னா நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கோங்க. நடுவுல எம் பொண்ணு எதுக்கு?"

"கேட்கிறது நியாயம்தான் அக்கா. உட்காருங்க."

"உட்கார நேரமில்லை. எதுக்கு இந்த வீம்பு, அதைச் சொல்லுங்க."

ஊசி டீச்சர் சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. கணவருக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அந்த அம்மாள் கேட்ட விதத்தில் வேறு பதில் எதுவும் வாயில் வரவில்லை.

"ஆஸ்பத்திரியில வேலை பார்த்தேன். ஒரு நாள் நாப்பது ரத்த சிலைடு. ஒடம்பு அசந்து போச்சு. கடைசி ரெண்டை மைக்ரோஸ்கோப்புல வைக்கவே இல்லை. 'இயல்பா இருக்கு'ன்னு எழுதி, பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு வாரம் கழிச்சு அதுல ஒருத்தர் படுத்த படுக்கையா திரும்பி வந்தார். ஓடிப்போய்ப் பழைய சிலைடைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்துல இருக்கவே கூடாத செல்லு அக்கா, கூட்டம் கூட்டமா. மூணு வாரத்துக்கு முன்னாடியே அங்கதான் இருந்திருக்கு. நான்தான் பார்க்கலை."

கண்டக்டரம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினார். "அந்த ஆளு?"

"பிழைச்சார். ரொம்பப் பாடுபட்டுப் பிழைச்சார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கலை, யாருக்கும் தெரியாது. அன்னைக்கு அப்படிக் கையெழுத்துப் போட எனக்குக் கை கூசலை. பள்ளிக்கூடத்துலயே பழகின கை. உங்க பொண்ணு கை கூசணும்னு நினைக்கிறேன்."

பின்னால் இன்னும் நாலைந்து பெற்றோர் வந்து நின்றிருந்தார்கள். கலர் சாரும் தலைமையாசிரியையும் வாசலில்.

"நான் வண்டியைப் பின்னாடி எடுக்கச் சொல்றப்ப இறங்கிப் பார்த்துட்டுத்தான் ரைட்டு சொல்லுவேன்" என்றார் கண்டக்டரம்மா மெதுவாக. "மழை கொட்டினாலும் இறங்குவேன். உள்ள உட்கார்ந்துக்கிட்டே ரைட்டு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க." பிறகு குரலைப் பழையபடி உயர்த்தினார். "எங்க, காட்டுங்க. எம் பொண்ணு என்னத்தைப் பார்த்தான்னு நானும் பார்க்கிறேன்."

வெங்காயத் தோலைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். "ஆமா. பொட்டு ஓரத்துலதான் கிடக்கு" என்றார். அடுத்துப் பழைய சிலைடைப் பார்த்தார். "இது என்ன, டயரா?"

"இதைப் பார்த்துத்தான் செங்கல் அடுக்கின மாதிரி செல்லை வரையணுமாம்."

"அடப்பாவமே!"

அதோடு விடவில்லை. கன்னத்துச் செல்லையும் பார்க்க வேண்டும் என்றார். குச்சியைக் கொடுத்ததும் தானே சுரண்டிக் கொடுத்தார். நீலச் சாயம் விட்டு, கண்ணாடி இறக்கி, வெளிச்சத்தைச் சரி செய்து ஊசி டீச்சர் நகர்ந்தாள். கண்டக்டரம்மா குனிந்தார். நிமிரவே இல்லை.

"இது நானா?"

"நீங்கதான்."

"உள்ள இவ்வளவு லட்சணமா இருந்துக்கிட்டு முகத்துக்கு வரலையே!"

அறை குலுங்கச் சிரித்தது. அப்புறம் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஆளாளுக்கு முண்டினார்கள். கண்டக்டரம்மா கேட்காமலே வரிசையை ஒழுங்கு பண்ணத் தொடங்கினார். "பார்த்தவங்க முன்னாடி நகருங்க! வழியில நிக்காதீங்க! ஐயா, ரெண்டு கண்ணையும் மூடினா என்ன தெரியும்?"

தலைமையாசிரியையும் வரிசையில் நின்று பார்த்தார். இரண்டு சிலைடையும் பார்த்தார். கலர் சார் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்களேன் சார்."

கலர் சார் முகத்தில் ஈயாடவில்லை. "இருபத்தாறு வருஷமா செல்லுப் பாடம் எடுக்கிறேன். எனக்கு யாரும் வெங்காயம் காட்ட வேண்டாம்."

"ஒரு நிமிஷம்தான் சார்" என்றாள் ஊசி டீச்சர். கேலியாகச் சொல்லவில்லை. அவர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே இருந்தது. அவ்வளவு நன்றாக வரையத் தெரிந்த கை, உள்ளதைப் பார்த்து ஒரு தடவை வரைந்தால் எப்படி இருக்கும்!

அவர் திரும்பி நடந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, மாற்றி வரைந்த முப்பது பேரில் ஆறு பேர் புதுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பழையதை வைத்துக்கொண்டார்கள். மெடிக்கல் சேர வேண்டும் என்ற பெண் அதில் இல்லை. பதினேழு நோட்டுகள் சிவப்புக் கோட்டோடு கலர் சார் மேஜைக்குப் போயின. பதினேழுக்கும் பத்துக்கு நாலு போட்டார். மிச்ச இருபத்துநாலுக்கும் பத்து.

டவுட்டு மூன்றாம் ரேங்க்கிலிருந்து ஒன்பதாம் ரேங்க்குக்கு இறங்கினாள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு நடை முழுக்க அழுதாள் என்று அவள் அம்மாவே வந்து சொன்னார். "அழட்டும்னு விட்டுட்டேன் டீச்சர். ஆனா நோட்டை மாத்துறியான்னு கேட்டேன். முறைச்சா பாருங்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்." அவரும் இன்னும் ஒன்பது பெற்றோரும் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். இரண்டு மாசம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: மேல்நடவடிக்கை தேவையில்லை.

ஊசி டீச்சருக்குத் தனியாக ஒரு மெமோ வந்தது. துறைத் தலைவரின் அறிவுறுத்தலை மீறியது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். கணவர் 'தங்கள் மேலான கருணையை' என்று தொடங்கி ஒரு பணிவான கடிதம் எழுதி வைத்திருந்தார். அவள் படித்துப் பார்த்துவிட்டு நாலாக மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகினாள். தானே உட்கார்ந்து எழுதினாள்.

'மாணவர்கள் கண்டதை வரைந்தார்கள். காணாததைக் காணவில்லை என்று எழுதினார்கள். அவர்களை அப்படிச் செய்யச் சொன்னது நான். இதில் திருத்த வேண்டியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதே பாடத்தை மறுபடி கொடுத்தாலும் இப்படித்தான் நடத்துவேன்.'

கணவர் அதை இரண்டு தடவை படித்தார். "கடைசி வரி வேணுமா?"

"அதுக்காகத்தான் மேல இருக்கிற வரியெல்லாம்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு உறையில் பசை தடவிக் கொடுத்தார்.

வேலை போகவில்லை. அடுத்த கல்வியாண்டில் பதினோராம் வகுப்பு போயிற்று. ஆறாம் வகுப்புப் பொது அறிவியல், வாரம் இருபத்தெட்டுப் பாடவேளை, மொட்டை மாடிக்கு அடுத்த அறை. வெயில் நேரே தலையில் இறங்கும். ஆய்வுக்கூடத்துச் சாவி மட்டும் இனிமேல் இரண்டு பேரிடம் இருக்கும் என்று தலைமையாசிரியை ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். யார் அந்த இரண்டாவது ஆள் என்று அதில் போடவில்லை. சாவியைக் காகிதத்தில் சுற்றி, பியூன் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிட்டார்.

முதல் நாளே ஊசி டீச்சர் ஒரு மைக்ரோஸ்கோப்பைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியேறினாள். பின்னால் இரண்டு வாண்டுகள் ஆளுக்கொரு கண்ணாடிச் சீசாவோடு. நடுப்படியில் கலர் சார் எதிரே இறங்கி வந்தார். மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தார், சீசாவைப் பார்த்தார்.

"ஆறாம் வகுப்புக்கு இந்தப் பருவத்துல செல்லுப் பாடமே கிடையாதே?"

"தெரியும் சார். நாங்க சாக்கடைத் தண்ணி பார்க்கப் போறோம்."

"அது எந்தப் பாடத்துல இருக்கு?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கு சார். மதில் ஓரமா."

வாண்டுகளில் ஒன்று களுக்கென்று சிரித்து, சீசாவிலிருந்து பச்சைத் தண்ணீரைப் படியில் கொஞ்சம் சிந்தியது. கலர் சார் வேட்டியில் படாமல் ஒதுங்கி நின்றார். ஊசி டீச்சர் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு மேலே ஏறினாள். வகுப்புக்குள் போய் மேஜையை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டாள். காற்று வருவதற்காக ஒரு பையன் போய்க் கதவுக்கு முட்டுக்கல் வைத்தான். இன்னும் அகலமாகத் திறக்கச் சொல்லிவிட்டு, படிக்கட்டு வரைக்கும் கேட்கிற குரலில் அவள் பாடத்தை ஆரம்பித்தாள்.